இடது கைக் கணக்கு

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். முதலில் ஒன்று, உன் அப்பாவுக்கு இப்படி ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன், நம் டயர் கடைக்கு வந்த யாரை வேண்டுமானாலும் கேள். அண்ணன் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரே அசந்துபோய், நீங்க எந்த காலேஜ்ல படிச்சீங்கன்னு என்னைக் கேட்டார். ஆறாம் வகுப்போடு நின்றதை நான் சொல்லவில்லை, எதற்கு அவர் மனசைக் கெடுப்பது.

நடந்தது இதுதான். அப்பா பெயிண்ட் வேலைக்குப் போன இடத்தில் ஏணியில் காலை வைத்ததுமே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார், நல்லவேளை மேலே ஏறவில்லை. நர்ஸ் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். இடது கையில் நூற்று முப்பது, வலது கையில் நூற்று எழுபத்தைந்து. இடது கைக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதாம், அதனால் அந்தக் கை குறைத்துக் காட்டியிருக்கிறது, கூடுதலாகக் காட்டிய கைதான் நிஜமாம். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, என் தம்பி ஒரு பெரிய டாக்டர்கிட்டயே கேட்டுட்டு வந்தான் சார், அவன் சும்மா சொல்லமாட்டான் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதை முதலில் கவனித்தது உன் அம்மாதான். வீட்டு மெஷினில் பார்த்துவிட்டு, என்ன தம்பி இது, ரெண்டு கையும் வேற வேற காட்டுது, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன் என்று என்னை அனுப்பினார்கள். அதற்குள் நான் எல்லோர் முன்னாலும், இதயம் இடது பக்கம்தானே இருக்கு, பக்கத்துல இருக்கிற கைக்குத்தான் உண்மை தெரியும் என்று பெரிய விளக்கம் கொடுத்து முடித்திருந்தேன். ஒரே வண்டியின் முன் சக்கரம் இரண்டிலும் காற்று வேறு வேறாக இருந்தால், எங்கே கோளாறு என்று பார்க்காமல் அந்த வண்டியைக் கடை வாசல் தாண்ட விட்டதில்லை நான். சொந்த அண்ணனுக்கு மட்டும், காதுக்கு இனிப்பாக இருந்த இடது கை நம்பரை எடுத்துக்கொண்டு, பிரஷர் மாத்திரையையும் நிறுத்த வைத்தேன்.

இப்போது மாத்திரை மறுபடி ஆரம்பித்தாகிவிட்டது. சுருங்கின குழாயை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். பயப்படும்படி இல்லை என்கிறார்கள், ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இன்னமும் வார்டில் பக்கத்துக் கட்டில்காரரிடம் என் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை.

நீயும் அங்கே ஒருமுறை இரண்டு கையிலும் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு, ஒரு குறையும் உனக்கு வரக்கூடாது. போன் செய்யும்போதெல்லாம், இடது கை போதும்னு சொன்ன அந்த டாக்டர் பேரைச் சொல்லுங்க சித்தப்பா, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்கணும் என்கிறாய். பாவம், எந்த டாக்டரையும் திட்டாதே. அன்றைக்கு கிளினிக் வாசல் வரை போனேன். நான் சொன்னது தப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டில் என் முகத்தை எங்கே வைப்பது என்று வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். காலேஜ் கதை கிடக்கட்டும். அப்படி ஒரு டாக்டரே இல்லை, மகளே. அப்பாவிடம் இதை நாளைக்கு நானே சொல்லப்போகிறேன், அதுவரை நீ சொல்லிவிடாதே.

நீ திட்ட வேண்டிய ஆள்,
உன் சித்தப்பா