மெனிக்கேயின் கருப்பட்டி

3 பெப்ரவரி 1974, ஞாயிறு

பனி. எதிர்மலை தெரியவில்லை. துவைத்த துணி இன்னும் ஈரம்.

மெனிக்கேக்கு இன்றும் பாற்சோறு, கித்துள் கருப்பட்டி, சீப்புச் சீப்பாக வாழைப்பழம். தோட்டத்து ஆட்களின் லயத்தில் மரவள்ளிக்குக்கூட வழியில்லை. எங்கள் யானைக்குப் பாற்சோறு. குட்டி போட வேண்டுமாம். மொனராகலையில் வாங்கி வந்த நாளிலிருந்து எங்கள் மரக்காலையில், அறுக்க வந்த மரங்களுக்கு நடுவே, சங்கிலியோடு நிற்கிறாள். மரம் இழுக்கவும் விடுவதில்லை, கரு தங்காதாம். ஆண் யானை கொண்டுவந்து விட்டார்கள். இவள் திரும்பியும் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் மரக்காலை ஆட்களிடம், என் காதில் விழட்டும் என்றே: "ரெண்டு மலட்டுக்குத் தீனி போட்டே நான் அழிஞ்சிருவேன் போல."

ஒன்று யானை. மற்றது நான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த ஒவ்வொரு முகமும் ஞாபகம் இருக்கிறது.

6 பெப்., புதன்

அரசாங்க மாட்டு டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்தவர். மெனிக்கேயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஆர் சொன்னது மலடெண்டு? நிண்ட இடத்திலையே நிண்டு இனிப்புத் தின்னுது. உடம்பெல்லாம் கொழுப்பு. ஓமோன் குழம்பி, பருவம் வாறதே நிண்டிட்டுது. கருப்பட்டியை நிப்பாட்டுங்கோ. ஒவ்வொரு நாளும் நடத்துங்கோ."

என் வீட்டுக்காரர் காதில் வாங்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார், எலுமிச்சை மரத்துப் பக்கம் போனார், வந்து மறுபடி ஒரு செம்பு. பிறகு லொறியில் பண்டாரவளைக்கு.

டாக்டர் என்னிடம் மெதுவாக: "தங்கச்சி, அவருக்குக் காலிலை உள்ள புண்ணும் ஆறேல்லைப் போல. மூத்திரம் போற இடத்திலை எறும்பு மொய்க்குதோ பாருங்கோ. சீனி வருத்தமாயிருக்கும், நீரிழிவு. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ. பிள்ளை இல்லாததுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்."

யானைக்கு டாக்டர் வந்தார். இத்தனை வருடத்தில் எனக்கு ஒருவரும் வரவில்லை. தீர்ப்பு மட்டும் சொன்னார்கள்.

7 பெப்.

பார்த்தேன். எலுமிச்சை மரத்தடி முழுக்கக் கறுப்பு எறும்பு. நெடுநேரம் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. யார் படிக்கப் போகிறார்கள், எழுதுகிறேன்: சந்தோஷம்தான்.

மாலையில் அவரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"மாட்டு டாக்டருக்கு நானும் மாடா? போடி. தேத்தண்ணி கொண்டா. கருப்பட்டி பெருசா வையி."

பெரிதாகவே வைத்தேன்.

11 பெப்.

வெயில். வாங்க: உப்பு, விளக்குத் திரி, சவர்க்காரம் (கிடைத்தால்).

இவர் வெளியே போனதும் யானைப்பாகன் பண்டாவிடம் கருப்பட்டியை நிறுத்து, பசறை ரோட்டில் நடத்து என்றேன்.

"முதலாளி ஏசுவாரு, நோனா."

"ஏசினா என் பேரச் சொல்லு."

மெனிக்கே முதலில் மூச்சு வாங்கினாள். பிறகு காதை வீசிக்கொண்டு நடந்தாள், கழுதை, என்னை மறந்துவிட்டு. அவளுக்கு மிச்சமான கருப்பட்டி எல்லாம் இவருடைய தேத்தண்ணீருக்கு. கேட்கிறார், கொடுக்கிறேன்.

சாப்பிடும்போது செய்தி சொன்னார். பண்டாரவளையில் தனக்கு இரண்டாம் தாரமாகப் பெண் பார்த்தாயிற்று. செத்துப்போன ஒரு காய்கறி வியாபாரியின் மகள். பெண்ணின் அம்மா ஞாயிறு வீடு பார்க்க வருகிறாள். "நீதான் சமைக்கணும்."

அன்றைக்கு மலடு என்று சொன்னபோதுகூட இப்படி எரியவில்லை. சமைக்கிறேன். நன்றாகவே சமைக்கிறேன்.

17 பெப்., ஞாயிறு

கோழி, பருப்பு, அப்பளம். பெண்ணின் அம்மா தன் மகனோடு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்தன வருசமா ஒன்னுமே தங்கலையாமே?"

"தங்கலைங்க. பின்னால வாங்க, ஒன்னு காட்டுறேன்."

எலுமிச்சை மரத்தடி. குனிந்தாள். இது யார் போன இடம் என்று கேட்டாள், சொன்னேன். முகம் செத்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதேதாம்மா. கால வெட்டுனாங்க. அப்பவும் நிக்கல, போய்ச் சேந்துட்டாரு."

என் கையை ஒருமுறை பிடித்தாள். அவளை எனக்குப் பிடித்துவிட்டது. மகனைக் கூப்பிட்டாள். சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

இவர் புண்காலை நீட்டிக்கொண்டு வாசலில். "ஏன்டி போயிட்டாங்க?"

"இனிப்பு கூடிப்போச்சாம்ங்க."

விளங்கவில்லை அவருக்கு. தேத்தண்ணீர் கேட்டார். கருப்பட்டி பெரிதாக.