கிழக்கு மூலையின் மிச்சம்

ஜனவரி 9

காலையில் கம்ப்யூட்டரில் மாடலை ஓட்டவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மறுபடியும் அதே கதை. வண்டிகள், ஆலைகள், அடுப்புகள், இத்தனை லட்சம் பேர் விடும் மூச்சு என்று நகரத்தின் கார்பன் டை ஆக்சைடு அத்தனையையும் கணக்கில் போட்டு, காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று பார்க்கிறேன். காற்றை அளக்கும் மற்ற கோபுரங்களில் என் கணக்கும் கருவி காட்டுவதும் ஒத்துப்போகின்றன. கிழக்குக் கோபுரத்தில் மட்டும் கருவி அதிகமாகக் காட்டுகிறது. எங்கிருந்து வருகிறது இந்த மிச்சம்?

கருவிகளைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்டேன். கோபுரத்தில் ஏறும் வேகத்தைப் பார்த்து எல்லோரும் அவரைக் குருவி என்பார்கள். "நேத்துதான் மேடம் ஏறிப் பாத்தேன். கருவி குத்துக்கல்லாட்டம் நல்லா இருக்கு. உங்க கணக்கை ஒரு தடவை பாருங்க."

ஜனவரி 14

தெற்குக் காற்று அடித்தால் மிச்சம் காணாமல் போகிறது. கிழக்கிலிருந்து அடித்தால் வந்து நிற்கிறது. அந்தப் பக்கம் பெரிதாக என்ன இருக்கிறது? குப்பைமேடு. அதன் அடிவாரத்தில் தங்கை குடியிருக்கும் தெரு. குப்பையிலிருந்து வழக்கமாக வரும் வாயுவை ஏற்கெனவே சேர்த்துவிட்டேன். இது அதைவிடப் பல மடங்கு.

உள்ளே ஏதாவது எரிகிறதா? புகை ஒன்றும் தெரியவில்லையே.

ஜனவரி 17

பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். "குளிர்காலக் காத்தும்மா இது. மேல எழும்பாம தரையோட படுத்துக் கிடக்கும். காத்து கலக்குற உயரத்தை நீங்க ஜாஸ்தியா வெச்சிருக்கீங்க. கொஞ்சம் இறக்குங்க, உங்க கணக்கும் ஏறி கருவியோட சரியாயிடும்." குப்பைமேடு என்றதும் சிரித்தார். "மாநகராட்சிக்கு அறிக்கை குடுக்குற நேரத்துல, உங்க குப்பையில தீ இருக்குன்னு அவங்க முன்னாடியே போய் நிக்கச் சொல்றீங்களா? புகையையாவது காட்டுங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த உயரம் யாருக்கும் சரியாகத் தெரியாது. மாடல் தப்பாகவும் இருக்கலாம்தான்.

ஜனவரி 20

இறக்கினேன். கிழக்கு மூலைக்கு மட்டும். மிச்சம் மறைந்துவிட்டது.

பிப்ரவரி 2

அறிக்கை போய்ச் சேர்ந்தது. மேலிடத்தில் ரொம்பப் பாராட்டாம். தலைவர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். என் பங்கைக் குருவியிடம் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 11

தங்கை வீட்டுப் பக்கம் போய் வெகுநாளாகிறது என்று இன்று போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தால், பின்சுவர் ஓரம் தரை வெதுவெதுவென்றிருந்தது.

"கொஞ்ச நாளா இப்படித்தான்க்கா. குளிருக்கு இதமா இருக்கு. பூனைகூட இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேங்குது" என்று சிரித்தாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்திருந்தார். தங்கை வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். "எங்க வீட்டுல ஈரத்துணியைத் தரையில விரிச்சாலே காஞ்சிடுதும்மா" என்றார்.

குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 12

உயரத்தைப் பழையபடி வைத்து ஓட்டினேன். மிச்சம் வந்து நின்றது.

தரையைப் பற்றித் தலைவரிடம் சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை. "அறிக்கையைத் திரும்ப வாங்கினா நம்ம பிரிவையே இழுத்து மூடிடுவாங்கம்மா. நல்லா அளந்துட்டு அடுத்த மாசம் சொல்லுவோம்."

அடுத்த மாதமா?

நானே மாநகராட்சிக்குப் பேசினேன். குப்பைப் பிரிவு அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்றார்.

பிப்ரவரி 13

தங்கை குடும்பத்தை இங்கே கூட்டிவந்துவிட்டேன். பெரிய சண்டை. "உன் கம்ப்யூட்டர் சொன்னா கட்டின வீட்டை விட்டுட்டு வந்துடணுமா?" என்று கத்தினாள். மாப்பிள்ளைதான், "அக்கா சும்மா சொல்ல மாட்டாங்க, கிளம்பு" என்றார்.

பூட்டும்போது கேட்டாள்: "அப்ப பக்கத்துலயெல்லாம் சொல்ல வேணாமா?"

"இன்னும் உறுதியாத் தெரியலடி. திங்கட்கிழமை குருவி கருவியோட வர்றார். அளந்துட்டுச் சொல்லலாம். சும்மா பயமுறுத்த வேணாம்."

தையல்காரம்மா வாசலில் நின்றிருந்தார். "எல்லாரும் ஊருக்காம்மா?"

"ஆமா" என்றேன்.

பிப்ரவரி 15

மழை. விடாமல்.

பிப்ரவரி 16

மேடு சரிந்துவிட்டது. விடிந்தும் விடியாத நேரத்தில். உள்ளுக்குள்ளேயே எரிந்து எரிந்து பொந்தாகி, மேலே இருந்ததெல்லாம் மழையில் ஊறி இறங்கிவிட்டதாம். தெருவே இல்லை. அளக்கக் கருவியோடு போன குருவி, யாரோ கொடுத்த மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். தையல்காரம்மாவைச் சாயங்காலம்தான் எடுத்தார்கள்.

ஒரு வார்த்தை. வாசல்லதானே நின்னாங்க அந்தம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்? ஒண்ணும் நடக்காமப் போயிருந்தா என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க — அவ்வளவுதானே. சிரிச்சுட்டுப் போகட்டுமே!

பிப்ரவரி 19

தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்: "உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"ஜனவரியிலருந்து சந்தேகம்."

குழாயை மூடினாள். மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை மட்டும் "வரேன்க்கா" என்றார்.

மார்ச் 6

விசாரணை. மாடலில் இருந்த குறைபாடு என்றார் தலைவர். நான் எழுந்தேன். மாடல் சரியாகத்தான் சொன்னது, கிழக்கு மூலையில் உயரத்தை இறக்கி அதன் வாயை அடைத்தது நான்தான் என்றேன். யார் இறக்கச் சொன்னது என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன்.

வெளியே வந்ததும் தலைவர், "உங்களையும் கெடுத்துக்கிட்டீங்களேம்மா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

மார்ச் 10

தலைவரையும் என்னையும் பணியிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

மார்ச் 22

தங்கைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 3

காலையில் அவளே கூப்பிட்டாள். நலமா என்றெல்லாம் கேட்கவில்லை. வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம், பின்னால் மூடிக்கிடக்கும் பழைய ஆலையாம்.

"அங்க இருக்கலாமாக்கா?"

மாடல் என் கையில் இல்லை. இருந்தாலும், நகரம் முழுவதையும் பார்க்கும் அதற்கு ஒரு வீட்டைத் தனியாக அடையாளம் தெரியாது.

"எனக்குத் தெரியலடி. ஆனா மனசு ஒப்பல. வேற பாரு" என்றேன்.

"சரி."

ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் குழந்தை, யாரும்மா போன்ல என்று கேட்டது.

"பெரியம்மா" என்றாள் தங்கை.