சம்பந்தியம்மாவிடம் பேசிய ஜப்பானிய மொழி

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து தையல் மிஷினில் உட்கார மனசே வரவில்லை.

நீ விட்டுப்போன மங்கா சித்திரக்கதைகளைப் படித்துத்தான் ஜப்பானிய மொழி கற்றேன். அதில் எல்லோரும் ‘நீ’ என்பதற்கு ‘ஒமாயே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்று வீடியோ காலில் நானும் உன் ஜப்பானிய மாமியாரை அப்படியே கூப்பிட்டுவிட்டேன். பாவம், அவர் முகமே சுருங்கிப்போனது.

“அப்பா, அது ரவுடிங்க பேசுறது. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்றாய்.

பிரசவத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு என் வாயால் நன்றி சொல்ல நினைத்தேன். கல்யாணத்துக்குத்தான் நான் பிடிவாதமாக வராமல் இருந்துவிட்டேன்.

இந்தக் கதைகளில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. அந்த வார்த்தையை நீ சொல்லிக்கொடு. அவரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒருமுறை சொல்ல வேண்டும்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அப்பா