மருமகளிடம் கேட்ட தேர்தல் கேள்விகள்

துல்கரம்,
ரமலானுக்கு முந்தைய வாரம்

என் கண்ணான மகள் தீமாவுக்கு,

உன் மேலும் மாப்பிள்ளை மேலும் என் பேரன் கினான் மேலும் இறைவனின் சாந்தி நிலவட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி வஜ்தியும் அவன் கருணையால் சுகமாக இருக்கிறோம், என் முட்டி ஒன்றைத் தவிர. அது மட்டும் எதிர்க்கட்சி மாதிரி, உட்கார்ந்தாலும் கத்துகிறது எழுந்தாலும் கத்துகிறது. நீங்களும் அங்கே சுகம்தான் என்று நம்புகிறேன். போனில் பேசும்போதெல்லாம் உன் அம்மாவே முழுப் பேச்சையும் பேசிவிடுகிறாள், என் முறை வருவதற்குள் கினானுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. மருந்துக்கடைக்காரர் மகன் நீ இருக்கும் ஊருக்கே படிக்க வருகிறான் என்றதும் அவனிடம் ஒரு பை ஸாஅதர் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஸாஅதர் உன் அம்மா இடித்தது. எள்ளு நான் வறுத்தது, கொஞ்சம் கருகியிருந்தால் அவளிடம் சொல்லாதே.

உன் அம்மா வேலைக்குப் போகிறாள் என்று சொல்லியிருப்பாள், எப்படிப்பட்ட வேலை என்று முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். பதினைந்து வருஷம் கழித்து மே மாதம் தேர்தல் என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க ரமல்லாவில் ஒரு கருத்துக்கணிப்பு அலுவலகம் ஆள் தேடியது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற உன் அம்மா ரஸ்மிய்யாவுக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது, பெயர் கொடுத்துவிட்டாள். கிராமங்களுக்குத் தனியாகப் போவாளா, நப்லுஸ் லைனில் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன் வீட்டில் சும்மா இருக்கும்போது? ஆக, நான் டிரைவர். அவள் உள்ளே போய்க் கேள்வி கேட்பாள், நான் வெளியே காரில் உட்கார்ந்து பச்சை வாதுமைக்கு உப்புத் தொட்டுக் கடித்துக்கொண்டிருப்பேன். யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குக்கூடச் சொல்லக் கூடாதாம், அது சட்டமாம். ஊர் பேர் இல்லாமல் சிரிப்பதற்கு மட்டும் ஒன்றிரண்டு சொல்வாள். முப்பத்திரண்டு வயசுக்காரன் ஒருவன், “எனக்குக் கல்யாணம் ஆச்சு, மூணு புள்ளை பொறந்துச்சு, தலை வழுக்கையாயிடுச்சு, இன்னும் ஒரு ஓட்டுப் போட்டதில்லை டீச்சர், அந்த மையி என்ன கலருன்னாவது சொல்லுங்க” என்றானாம். முப்பதுக்கும் மேலே வேட்பாளர் பட்டியல்கள் பதிவாகியிருக்கின்றன என்றதும் ஒரு அம்மா, “இன்னும் கொஞ்சம் பொறுங்க, வீட்டுக்கு ஒண்ணு வந்துடும், அப்புறம் சண்டையே இல்லை” என்றாளாம். தேர்தல் நடக்கும் என்கிறவர்களும் நடக்காது என்கிறவர்களும் சரிக்குச் சரி. ஆனாலும் பார், நடக்காது என்று அடித்துச் சொல்கிறவர்கள்கூடத் தங்கள் பெயர் ஓட்டர் பட்டியலில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

உனக்கு நான் சொல்ல வந்தது தெய்ர் லவ்ஸ் கிராமத்தில் நடந்தது. போன மாதம் ஒரு காலையில் அங்கே ஒரு கல்வீட்டுக்குப் போனோம், வாசலில் பெரிய வாதுமை மரம், அதன் பக்கத்திலேயே காரை நிறுத்தினேன். வீட்டுப் பெரியவருக்கு, என்னை அபூ வஜ்தி என்கிற மாதிரி, மூத்த மகன் பேரால் அபூ ரிஃபாத் என்று பெயர். மாஸ்க்கைத் தாடிக்கு மட்டும் மாட்டியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனிதருக்குப் பரம சந்தோஷம். “கேளும்மா கேளு, இந்த வீட்டு ஓட்டு மொத்தமும் என் பாக்கெட்டுலதான் இருக்கு, எல்லாருக்கும் சேத்து நானே சொல்லிடறேன்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உன் அம்மா வீட்டில் ஓட்டுப் போடும் வயசுள்ள எல்லோருடைய பெயரையும் கேட்டுக் கையில் இருக்கும் டேப்லெட்டில் போட்டாள். அதில் பெயர்களைப் போட்டால் அதுவே குலுக்கிப் போட்டு ஒருவரைக் காட்டும், அவரைத்தான் கேட்க வேண்டும். அது காட்டியது சின்ன மருமகள் ஹனாதியை.

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அந்த மெஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? குடும்பத் தலைவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், அடுப்படியில இருக்கறவளைக் கேக்குதே!” என்றார். உன் அம்மா வகுப்பறைக் குரலை எடுத்துக்கொண்டு, “ஹாஜி, மெஷினுக்கு மீசையெல்லாம் தெரியாது, உங்க பேரு வந்திருந்தா உங்களைத்தான் கேட்டிருப்பேன்” என்றாள். அதற்குள் ஹனாதி மாவுக் கையோடு வந்து நின்றாள். முப்பது வயசு இருக்கும். புருஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருந்தான். “என்னைத்தானே கூப்பிட்டாங்க, மாமா?” என்று மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் கையைக் கழுவ ஏற்கெனவே குழாயைத் திறந்துவிட்டாள். சரி, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார் பெரியவர். கூடாது, தனியாகத்தான் என்றாள் உன் அம்மா. “அப்ப இந்த வீட்டுல கேள்வியே வேணாம், போயிட்டு வாங்க!” என்று அவர் எழுந்தே விட்டார்.

நாங்கள் கிளம்பிவிடலாம், எங்களுக்கு என்ன, அடுத்த வீடு இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தாள், கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, மாமனாரையும் பார்க்கவில்லை எங்களையும் பார்க்கவில்லை. உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் நான் படித்துத் தேறியிருக்கிறேன். காரிலிருந்து இறங்கிப் போய்ப் பெரியவர் தோளில் கை போட்டு, “ஹாஜி, உங்களைக் கேக்கறதுக்குத்தான் தனியா என்னை அனுப்பியிருக்காங்க, பெரிய மனுஷங்களை உள்ளே வெச்சு கேக்கமாட்டோம், மரத்தடிக்கு வாங்க” என்றேன். பச்சைப் பொய்தான், அல்லாஹ் மன்னிப்பான். சட்டைப் பையில் மெக்கானிக் கொடுத்த ரசீது ஒன்று கிடந்தது. அதைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். மனிதர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து தலைப்பாகைத் துணியைச் சரிசெய்துகொண்டார், போட்டோ எடுக்கப் போகிற மாதிரி.

முதல் கேள்வி, தேர்தல் நடக்குமா என்று போட்டேன். “நடக்காது” என்றார். ஏன் என்றேன். “ஜெருசலேமுல ஓட்டுப் பெட்டி வைக்க அந்தப் பக்கத்துக்காரன் விடமாட்டான். அவன் விட்டாலும் நம்மாளு வைக்கமாட்டான், தோத்துட்டா என்ன பண்றதுன்னு பயம்.” எழுதிக்கொண்டேன். ஓட்டு யாருக்கு என்றேன். சொந்தத்தில் ஒருவர் ஒரு பட்டியலில் நிற்கிறாராம், வீட்டு ஓட்டு எல்லாம் அவருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தாயிற்றாம். நடக்காத தேர்தலுக்கு எதற்கு ஹாஜி வாக்குக் கொடுத்தீர்கள் என்றால், “நடக்காதுங்கற தைரியத்துலதான்!” என்கிறார். நான் சிரித்த சிரிப்பில் ரசீது பறந்துவிட்டது. பிடித்து வந்து, போன தடவை யாருக்குப் போட்டீர்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன் தீமா. மனிதர் கீழே கிடந்த வாதுமை ஒன்றை எடுத்து விரல்களில் உருட்டினார். அவராகவே சொன்னார். போன தேர்தலில் மூத்தவன் ரிஃபாத் பச்சைக் கொடிக் கட்சி, இளையவன், அதாவது ஹனாதி புருஷன், மஞ்சள் கொடிக் கட்சி. மொட்டைமாடியில் இரண்டு கொடியும் பறந்ததாம், ஊரே பார்த்துச் சிரித்ததாம், அவரும் சிரித்தாராம். அடுத்த வருஷம் காஸாவில் இரண்டு கொடிக்காரர்களும் சுட்டுக்கொண்டபோது இங்கே அதே மாடியில் அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ரிஃபாத் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஜோர்தானுக்கு, ஸர்க்காவுக்குப் போனவன்தான். பெருநாளைக்குப் போனில் ஒரு வாழ்த்து சொல்லுவான், வைத்துவிடுவான். “சாப்பாட்டுல உக்காந்து யாருக்குடா போட்டீங்கன்னு நான்தான் மொதல்ல கேட்டேன். கேட்டுத்தான் என் வீடு ரெண்டாச்சு. இந்தத் தடவை ஒருத்தரும் வாயைத் தொறக்க வேணாம், பாவமோ புண்ணியமோ எல்லாம் என்னோட போகட்டும்னுதான் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டேன்” என்றார்.

நான் பேனாவை மூடிவிட்டேன். அவரோ என் கையைத் தட்டி, “ஏன் நிறுத்திட்டே? எழுது. இதையும் எழுதிக்கோ” என்றார். எழுதினேன். அப்புறம் நான் கேள்வியே கேட்கவில்லை, அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார், தண்ணீர், ரோடு, விசா, மந்திரிமார் கார்கள் என்று. ரசீதில் இடம் இல்லாமல் ஓரத்தில் எல்லாம் எழுத வேண்டியதாயிற்று. நடுவில் உள்ளேயிருந்து இரண்டு பெண்களும் கலகலவென்று சிரிக்கும் சத்தம் வந்தது. பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு, “தேர்தலைப் பத்திக் கேட்டா இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றார். சிரிப்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது ஹாஜி என்றேன்.

இருவரும் வெளியே வந்தார்கள். ஹனாதி கையில் காபித் தட்டு, முகம் காய்ச்சல் விட்ட பிள்ளை முகம் போலத் தெளிவாக இருந்தது. பெரியவர் பொறுக்க மாட்டாமல், என்ன சொன்னாய் என்று கேட்டார். அவள் காபியை முதலில் அவருக்கு நீட்டிவிட்டு, “நீங்க இவர்கிட்ட என்ன சொன்னீங்கன்னு நான் கேட்டேனா மாமா?” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ரசீதை நாலாய் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மனிதர் ஒரு கணம் முறைத்தார், பிறகு வெடித்துச் சிரித்தார் பார், தாடியிலிருந்த மாஸ்க் காபியில் விழுந்துவிட்டது. கிளம்பும்போது எங்கள் கார் முழுக்கப் பச்சை வாதுமை. கையோடு என் நம்பரையும் வாங்கிக்கொண்டார், அடுத்த தடவை மெஷினில் தன் பெயரை முதலில் போடச் சொல்வதற்காம்.

திரும்பும் வழியில் ராணுவச் சோதனைச் சாவடியில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. உன் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். என்ன என்று கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு என்ன பதில் சொன்னான்னு சொல்லமாட்டேன். கேள்வி முடிஞ்சதும் அவ்வளவுதானா டீச்சர், இன்னும் ஒண்ணு இல்லையான்னு கேட்டா, அபூ வஜ்தி. அதை மட்டும் சொல்றேன்” என்றாள். அப்புறம், நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், “போன தேர்தல்ல நீங்க சொன்ன ஆளுக்கு நான் போடலை” என்றாள். தீமா, நீயே சொல், பதினைந்து வருஷமாக நம் வீட்டில் ஒரே ஓட்டு என்று கடைத்தெருவெல்லாம் மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான்! கிளட்சிலிருந்து கால் நழுவி வண்டி குதித்து நின்றுவிட்டது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே என் பரம்பரையைத் திட்டினான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். “நீங்க எங்க கேட்டீங்க? இன்னாருக்குப் போடுன்னீங்க. யாருக்குப் போடுவேன்னு ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்கிறாள். சரி இப்போது கேட்கிறேன், யாருக்குப் போட்டாய் என்றால், “இப்ப நான் கணிப்பு ஆபீஸ் ஆளு, சொல்லக் கூடாது” என்கிறாள். இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கூப் கீரையின் முள்ளையெல்லாம் சீவித் தயிரில் போட்டுச் சமைத்துவிட்டாள், எந்த மனுஷன் வீம்பு பிடிக்க முடியும்.

வஜ்திதான் எங்களைக் கேலி செய்கிறான். “ரெண்டு பேரும் ஊர் ஊராப் போய் நடக்காத கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கறீங்க” என்கிறான். உன் தம்பிக்கு இருபத்தெட்டு வயசாகிவிட்டது, அவன் பேச்சில் இருக்கும் கசப்பைக் கண்டால் எனக்குக் கவலைதான். ஆனால் அவனும் ஓட்டர் பட்டியலில் தன் பெயரை எழுத்துப் பிழையோடு போட்டுவிட்டார்கள் என்று போய்ச் சண்டை போட்டுத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறான். உன் அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

நேற்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வரும்போது போன். அபூ ரிஃபாத். ஸலாம்கூட முழுசாகச் சொல்லவில்லை, மூச்சு வாங்குகிறது. “உன்கிட்ட கேள்வி இருந்துச்சே, நடக்குமா நடக்காதான்னு, அதை எடுத்து நேத்து ரிஃபாத்துக்குப் போட்டேன். போனைப் போட்டு, மகனே, ஒரு கணிப்பு எடுக்கறேன், பதில் சொல்லுன்னேன். நடக்கும்னான். நடக்காதுன்னேன். உங்களுக்கு எப்பவும் இப்படித்தான்னான். புடிச்சுக்கிட்டோம். ஒரு மணி நேரம் கத்தினான் அபூ வஜ்தி, என் மூத்தவன் என்கிட்ட ஒரு மணி நேரம் கத்தினான்! நானும் விடலை. போன் சூடாகி என் காது வெந்துபோச்சு” என்கிறார், குரலைக் கேட்டால் வீட்டில் கல்யாணம் என்று நினைப்பாய். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அப்புறம் என்ன, சண்டை இன்னும் முடியலையாம், இன்னைக்கு ராத்திரி மறுபடி கூப்பிடறேன்னு சொல்லியிருக்கான், நான் சீக்கிரம் வெக்கணும், லைனு பிஸியா இருந்துடப் போகுது” என்று வைத்துவிட்டார். அப்போது மணி மத்தியானம் ஒன்றுதான் மகளே.

எழுத இடம் முடிகிறது. குளிருக்குக் கதகதப்பாக உடுத்து, நோன்பு நேரம் அங்கே நீளம் என்கிறார்கள், ராத்திரியிலேயே தண்ணீர் நிறையக் குடித்துவை, கினானிடம் நம் பாஷையிலேயே பேசு, மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். ஸாஅதரைப் பிரிட்ஜில் வைக்காதே, கண்ணாடி ஜாடியில் போடு. உங்கள் கூரைக்குக் கீழே சிரிப்பு குறையாமல் இருக்க அல்லாஹ் அருளட்டும், என் ஆயுளிலும் கொஞ்சம் எடுத்து உங்களுக்குத் தரட்டும்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அப்பா,
ஃபாயிக்