பத்து நிமிடமும் ஒரு முழு நாளும்

புதன்கிழமை மதியம்

அன்புள்ள சிக்னிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீ நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்று முறை உனக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் செய்தியைப் பதிவு செய்யச் சொல்லி உன் குரல் கேட்டது. ஒரு கருவியிடம் என்னத்தைச் சொல்வது? அதனால் கடிதம். விலாசம் அம்மா கொடுத்தாள், இரண்டு தடவை கேட்ட பிறகு.

இங்கே குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினோரு டிகிரி. கொட்டகைத் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. நல்லவேளை, தொலைபேசி ஓய்ந்துவிட்டது. போன நவம்பரிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பிரசார அழைப்பு. சாப்பிட உட்கார்ந்தால் கதவைத் தட்டுவார்கள். எல்லாரும் ஒரே கட்சி, வரும் நவம்பரில் எல்லாரும் ஒரே ஆளுக்குத்தான் ஓட்டுப் போடப்போகிறோம். ஆனால் அந்த ஒரு அதிபர் வேட்பாளர் யார் என்பதில் அயோவாவில் ஊருக்கு ஊர் ஜென்மப் பகை. சர்ச்சில் எனக்குப் பின்வரிசையில் உட்காருகிறவர்கள் வரிசை மாறி உட்கார்ந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

நம் வீட்டு முன்னாலும் பனியில் இரண்டு பிரசாரப் பலகைகள் நின்றன. என்னுடையது செனட்டர் டன்லெவிக்கு, அம்மாவுடையது நீ வேலை பார்க்கும் ஆளுநர் மார்கெட்டிக்கு. அம்மா தன்னுடையதை வாரத்துக்கு ஒரு சாண் ரோட்டுப் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தாள். கேட்டால், "பனி தள்ளுற வண்டி இடிச்சிருக்கும்" என்றாள். நானும் நம்பியதுபோல் தலையாட்டினேன். அதுவரை எங்களுக்குள் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் தபாலில் நீ எழுதிய பிரசார அட்டை வந்தது.

அதை இன்னும் எறியவில்லை. எதிரில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மூடிக்கிடக்கும் நம் ஊர் இறைச்சி ஆலையின் படம். மறுபக்கம்: 'தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது டன்லெவி ஆலை வாசலில் நின்றது பத்து நிமிடம். ஒரு காபி குடித்தார். கையுறையைக் கழற்றாமல் கை குலுக்கினார். காரில் ஏறிப் போய்விட்டார்.'

அந்தக் கையுறை குலுக்கிய கை என்னுடையது, சிக்னி. அதை நான் மேடை போட்டுச் சொன்னதில்லை. நீ கல்லூரியிலிருந்து வந்திருந்தபோது நம் சமையலறையில் உன்னிடம் சொன்னேன். அன்று வாசலில் நின்றவர்களுக்கு அது தெரியும்; கையுறையைப் பற்றி எழுதியவுடன் சொன்னது யார் என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று.

நீ எழுதியது பொய் என்று நான் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல். ஆனால் அன்று நான் சொன்ன மற்ற பாதியை என்ன செய்தாய்? மூன்று வாரம் கழித்து அதே மனிதர் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். போட்டோக்காரர் யாரும் இல்லை. காலையிலிருந்து இருட்டும்வரை எங்களோடு மழையில் நின்றார், நெருப்புக்கு விறகு சுமந்தார். எங்களோடு நின்ற டுவேனைப் போலீஸ் பிடித்துப் போனபோது ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்து அவனை வெளியே கொண்டுவந்தார். இதையும் நீ கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? அட்டையில் இடம் போதவில்லையா?

நீ கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அப்போது நீ இதே மாநிலத்தில்தான் இருந்தாய், இரண்டு மணி நேரப் பயணம். வேலை அதிகம் என்றாய். அம்மா சுட்டு வைத்த லெஃப்ஸா ரொட்டியை நாங்கள் இரண்டு பேரும் நான்கு நாள் தின்றோம்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கத் திங்கட்கிழமை மாலை நடந்த கட்சிக் கூட்டத்தின் எண்ணிக்கையை உன் அலுவலகத்தில் பார்த்திருப்பாய். நம் வட்டாரத்தில் மூன்றாவது வேட்பாளர் ட்ராஸ்குக்கு மூன்று பிரதிநிதி, மார்கெட்டிக்கு இரண்டு. ஏன் அப்படி ஆனது என்று எந்தக் கணினியிலும் இருக்காது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் நூற்று நான்கு பேர். வேட்பாளருக்கொரு மூலை பிடித்தோம். அம்மா என் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "சூடா இருக்கும், கழட்டி வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எதிர்மூலைக்குப் போனாள். தலை எண்ணினார்கள். ட்ராஸ்குக்கு நாற்பத்தேழு, உங்களுக்கு நாற்பத்துநான்கு, எங்களுக்குப் பதின்மூன்று. பதினாறு பேர் இல்லாத மூலை கலையவேண்டும், அதில் நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், உனக்குத் தெரிந்த விதிதான். முப்பது வருடமாக நான் பின்னால் நின்ற மனிதருக்கு என் ஊரிலேயே பதினாறு பேர் இல்லை.

உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். ட்ராஸ்கின் ஆட்கள் பிஸ்கட் தட்டோடு வந்தார்கள். ஆலை மூடியபோது, "கூலியைக் குறைச்சுக்கிட்டிருந்தா பிழைச்சிருக்கும்" என்று ரேடியோவில் பேசியவர் இந்த ட்ராஸ்க்; அவருக்குப் பிஸ்கட் வேறு. உங்கள் பக்கத் தலைவி நூலகத்து கானி. பாவம், நல்ல மனசு. அவளுக்கு எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டே, "பத்து நிமிஷம் நின்னுட்டுப் போனவருக்காக நீங்க ஏன் இன்னும் நின்னுக்கிட்டிருக்கீங்க லீலண்ட்? இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.

நான் வாயைத் திறக்கும் முன் எங்கள் மூலையிலேயே நின்ற வெர்ஜில் திரும்பினான். என்னோடு ஆலையில் பத்தொன்பது வருடம் ஒரே வரிசையில் கத்தி பிடித்தவன். "அந்தக் கதையை வெளிய விட்டது யாருன்னு இவனைக் கேளு. வீட்டுக்குள்ள உட்கார்ந்து மகளுக்கு ஓதிக் கொடுத்துட்டு, இங்க வந்து நமக்குத் தலைவனா நிக்கிறான்" என்றான். அரங்கமே கேட்கிற குரலில். சொல்லிவிட்டு நேராக ட்ராஸ்கின் மூலைக்குப் போனான். என்மேல் உள்ள கோபத்துக்கு அங்கே போய் நின்றான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர். ஆறு பேர் கானியோடு போனார்கள்.

மிச்சம் நான், டுவேன், அவன் மனைவி லவோன். டுவேன் ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு வந்திருந்தான். "நீ எங்க போறியோ நாங்க அங்க. நீயே சொல்லிடுப்பா, எனக்கு மூச்சு வாங்குது" என்றான்.

அப்போது அம்மா அரங்கைக் கடந்து வந்தாள். எல்லாரும் பார்க்கிறார்கள். என் சட்டைக் கையைப் பிடித்து, மெதுவாக, "வந்துடு லீலண்ட். பொண்ணுக்காக" என்றாள்.

"பொண்ணுக்காகத்தான் வரல" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் சுவரோரப் பலகையில் போய் உட்கார்ந்தேன். டுவேனும் லவோனும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எண்ணி முடித்தார்கள். ட்ராஸ்குக்கு ஐம்பத்தொன்று, உன் ஆளுநருக்கு ஐம்பது.

கணக்கு உனக்கே புரியும். நாங்கள் மூன்று பேர் இருபதடி நடந்திருந்தால் உங்கள் பக்கம் ஐம்பத்துமூன்று, அந்த ஐந்தாவது பிரதிநிதியும் உங்களுக்கு. நான் யாரை வெறுக்கிறேனோ அந்த ஆளுக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பிரதிநிதியைத் தூக்கிக் கொடுத்தேன். அவர்கள் கைதட்டியபோது வெர்ஜில் தட்டவில்லை, காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் என்னுடையதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது அம்மா, "உனக்கு அவமேல கோபம்னா அவகிட்ட சொல்லு. ஊர்க்காரங்களைக் கூட்டி வச்சு அவளைத் தண்டிக்காத" என்றாள்.

இன்னொன்றும் கேள். நேற்று சாயங்காலம் டன்லெவி டிவியில் வந்தார். போட்டியிலிருந்து விலகுகிறேன் என்றார். ரொம்ப வயதாகிவிட்டது அவருக்கு. நன்றி சொல்லிவிட்டு, தன் ஆதரவாளர்கள் எல்லாரும் மார்கெட்டி பக்கம் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். அந்த மனிதர் ஒரு நாள் முன்னால் இதைச் சொல்லியிருக்கக்கூடாதா? அம்மா சமையலறையில் இருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று எழுந்து போனால், சிரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு நாளில் முதல் தடவை. "உன் ஆளே போகச் சொல்லிட்டாரு, இப்பவாவது போ" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் அவள் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்தேன்.

இன்று காலை டுவேன் வீட்டுக்குப் போனேன். அவனிடம், உன் மூன்று மணி நேர மூச்சை வீணடித்துவிட்டேன் என்றேன். அவன், "உன் மக எழுதுனதைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதுறா. என்னைப் பத்தி எழுதாம விட்டுட்டாளேன்னுதான் வருத்தம்" என்றான். அதை உனக்கு எழுதச் சொன்னான். வெர்ஜில் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

சிக்னி, கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். நீ என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. அதுதான் நெஞ்சில் நிற்கிறது. ஆனால் நான் பலகையில் உட்கார்ந்ததும் தப்பு. டன்லெவிக்காக நான் அங்கே உட்காரவில்லை. உனக்கு வலிக்கட்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு அப்பன் செய்கிற காரியம் இல்லை அது.

நீ இனி யாரிடமாவது அந்த வாசல் கதையைச் சொல்வதாக இருந்தால், சொல். இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல். உன் ஆளுநரிடமும் சொல். அவருக்கும் அது பயன்படும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பன்னிரண்டரைக்கு வீட்டில் இருப்போம். போனை இந்தத் தடவை நான்தான் எடுப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கே ஓட்டு. மார்கெட்டி ஜெயித்தால் நீ அங்கிருந்து அடுத்த மாநிலம், அதற்கடுத்த மாநிலம் என்று போய்க்கொண்டே இருப்பாய். நவம்பர் வரை உன்னை இந்த வீட்டில் பார்க்க முடியாது. தோற்றால் ஒரு வாரத்தில் வந்துவிடுவாய். இதையெல்லாம் நன்றாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் ஜெயிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
லீலண்ட் ப்ரெக்கி