துனிசியாப் பாட்டை எடுக்காதே

அம்மான், ஜோர்டான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகள் சிஹாமுக்கு,

கெய்ரோவின் தூசியில் உன் தொண்டை கட்டாமல் இறைவன் காக்கட்டும். இங்கே நானும் உன் புருஷன் ஹைஸமும் நலம். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலை விமானத்தில் அவன் அங்கே வருகிறான். அவன் கையில் இதையும் ஆலிவ் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயில் ஒன்றைக்கூட உன் ஆல்பத் தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் முதல் ஆல்பத்திலிருந்து துனிசியாப் பாட்டை எடுத்துவிடச் சொல்கிறாராம் அவர். நீயும் தலையாட்டிவிட்டாயாம். வியாழக்கிழமை கையெழுத்தாம். ஹைஸம்தான் சொன்னான். எகிப்து, லெபனான், ஈராக், வளைகுடா, எங்கள் ஜோர்டான் என்று ஊரார் பேச்சில் எல்லாம் அரபிப் பாட்டுப் பாடலாம், பெற்ற தாய் பேசும் துனிசியா அரபியில் மட்டும் பாடக்கூடாதா? "கிழக்குப் பக்க அரபு நாட்டுல ஒருத்தனுக்கும் புரியாதும்மா" என்றாராம். புரியாதுதான். எனக்கே ஒரு வார்த்தை புரியவில்லை. அதற்காக?

கோபித்துக்கொள்ளாதே, ஒரு காரியம் செய்துவிட்டேன். ஹைஸமுக்கு நீ அனுப்பிய பாட்டுகளை ஒரு பென் டிரைவில் வாங்கி, போன வெள்ளிக்கிழமை என் தம்பி மகள் லுபானாவின் கல்யாணத்தில் போடவைத்தேன். பதறாதே. பெண்கள் மண்டபம் அது. முக்காடு இல்லாமல் ஆடுகிற இடம் என்பதால் வாசலிலேயே எல்லார் போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். ஒரு வரிகூட வெளியே போயிருக்காது.

எகிப்துப் பாட்டுக்கு மண்டபமே எழுந்தது. வளைகுடாப் பாட்டுக்கு, குவைத்தில் இருந்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூந்தலைச் சுழற்றிச் சுழற்றி ஆடினார்கள். பிறகு உன் துனிசியாப் பாட்டு வந்தது. ஒவ்வொருத்தியாகப் போய் உட்கார்ந்து ஜூஸைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். "என்னத்தே இது, ஒண்ணும் புரியல? மாத்தச் சொல்லேன்" என்றாள் லுபானா. அவள் அம்மா வேறு, "வாய்க்குள்ள கல்லப் போட்டுக்கிட்டுப் பாடுறாளா?" என்று சிரித்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! முட்டி வலியையும் பார்க்காமல் நடுவில் போய் நான் ஒருத்தியே ஆடினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஆடினேன். மேளம் வேகமெடுத்தபோது, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லுபானா ஓடி வந்தாள். மணப்பெண்ணே ஆடினால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? முடிந்ததும் "ஏய், இன்னொரு தடவ போடுடீ" என்று கத்தியது யார் தெரியுமா? அவள் அம்மாவேதான்.

இன்னொன்றும் கேள். மற்ற பாட்டுகளுக்கு ஆடினார்களே தவிர, பாடுவது யார் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தியும் கேட்கவில்லை. இதற்குத்தான் கேட்டார்கள். "எம் மருமவ" என்று நான் சொன்னதை நம்பவே இல்லை. எத்தனை பெருமையாக இருந்தது தெரியுமா!

அன்று ராத்திரி முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே யோசித்தேன். நம் வீட்டில் நீ எங்கள் பேச்சைத்தான் பேசுகிறாய், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் உன் அம்மாவோடு போனில் பேசும்போது சமையலறையில் நின்று ஒரு சிரிப்புச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் கேட்டிருக்கிறேன். அந்தப் பாட்டில் அது இருக்கிறது, சிஹாம்.

அதனால் வியாழக்கிழமை தலையாட்டாதே. ஆல்பமே இல்லை என்று அவர் மிரட்டினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, உன் வீடு இங்கே இருக்கிறது. ஆனால் அவர் மிரட்டமாட்டார் என்றுதான் என் மனம் சொல்கிறது. மண்டபத்தில் நடந்ததை ஹைஸம் அவரிடம் நேரிலேயே சொல்வான். சொல்லாமல் திரும்பினால் அவனுக்குச் சோறு கிடையாது.

வந்தபிறகு எனக்காக ஒன்று செய். ஏழு வருஷமாக நான் என்ன சொன்னாலும் "சரி மாமி" என்கிறாய். ஒரு நாளாவது உன் பேச்சில் என்னை வாய்நிறையத் திட்டு. புரியும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன், மகளே.

உன்னை இறைவனிடம் ஒப்படைத்து,
உன் மாமி,
உம்மு ஹைஸம்