இடது கையில் மத்தாப்பு

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் மைதாப்பசை வாசனை போகவில்லை. நாரணாபுரத்தில், உன் வீட்டுச் சுவரில் ஒரு லேபிளை ஒட்டிவிட்டு, விருதுநகர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த லேபிள் என்று உனக்குத் தெரியும். ஒன்பது மாதம் அது என்னிடம் இருந்தது என்பதுதான் தெரியாது.

சிவகாசியில் அந்தப் பழைய பேப்பர் குடோன். அச்சகங்கள் கழித்துவிட்ட தாள்கள் மூட்டை மூட்டையாக வந்து விழும். என் ஆய்வேட்டுக்காகப் பழைய தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களைத் தேடி நான் வருவேன். பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் நீ, ஞாயிற்றுக்கிழமைகளில் அதே குவியலுக்குள் முழங்கால் புதைய நிற்பாய்.

“ஏலே பாய், உங்க அத்தா கடையில மொளகா மூடை அம்புட்டு கெடக்கு. நீ இங்கன வந்து குப்பையக் கிண்டுற?”

“நீ மட்டும் என்ன செய்யிற?”

அதற்கு நீ சிரிக்கவில்லை. அன்றுதான் சொன்னாய். உன் தங்கையின் மூன்று வயதில் ஓர் அச்சகத்துக்காரர் அவளைப் படம் எடுத்து, மத்தாப்புப் பெட்டி லேபிளில் போட்டிருக்கிறார். மறு வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அந்த லேபிளும் இல்லை, அவளுக்கு வேறு படமும் இல்லை.

“மஞ்சக் கவுனு. மத்தாப்ப இடது கையில புடிச்சிருப்பா. கைய மாத்து, கைய மாத்துன்னு அந்தாளு கத்துறாரு. கழுத மாட்டேன்னுட்டா.”

குவியலில் உனக்குக் கிடைத்ததெல்லாம் என் பைக்குள் வந்தது. ஓரம் கிழியாத மயில். இரண்டு வண்ணத்தில் ஒரு ரயில். நான் மாதக்கணக்கில் தேடிய புலி. “வச்சுக்கோ. எனக்கு ஒண்ணு போதும்லே.”

அந்த ஒன்று கிடைத்தால் என்ன செய்வாய் என்று ஒரு முறை கேட்டேன்.

“சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டுவேன். வேறென்ன?”

“பசை போட்டா தாள் வீணாப் போயிரும்டா.”

“பெறகு? உன்னைய மாதிரி பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு மூச்சு முட்ட வைக்கவா?”

தீபாவளி சீசன். உனக்கு லீவு இல்லை. காரைக்குடிக்கு நான் மட்டும் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். மரத்தூண்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் இடையில் ஓர் ஆல்பம். புரட்டினேன். மஞ்சள் கவுன். இடது கை.

கடை வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது. உன் கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடை நம்பர் எனக்கு மனப்பாடம். போனைத் தாண்டி நடந்தேன்.

ஆய்வேட்டுக்கு அந்த லேபிள் வேண்டியிருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்று, நீ அதை ஒட்டிவிடுவாய். பசை, குங்குமம், ஊதுபத்திப் புகை. தாளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

“காரைக்குடியில ஏதும் சிக்குச்சா?”

“ஒண்ணுமில்லடா.”

“விடு. அடுத்த தடவ நானும் வாரேன். உனக்குக் கண்ணு பத்தாது.”

தை மாதத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. பதினெட்டு நாள். நீ போன தகவல் வந்தபோது மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தேன். ஸ்கேனரின் மூடிக்கு அடியில் உன் தங்கை இருந்தாள்.

அதன் பிறகும் ஆறு மாதம் உன் வீட்டுக்கு வரத் துணியவில்லை. இன்று வந்தேன். உன் அம்மா லேபிளை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாரு புள்ள இது?”

சொன்னேன். நெடுநேரம் பார்த்தார்.

“எனக்கு மொகம் மறந்துபோச்சுய்யா. அட்டையில எல்லாப் புள்ளையும் இப்பிடித்தான் சிரிக்கும். அவன் இருந்தா பாத்ததும் சொல்லிருப்பான்.”

“இடது கையப் பாருங்கம்மா.”

அவர் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“இம்புட்டு நாளும் எங்கன இருந்துச்சு?”

“எங்கிட்டத்தான்.”

உள்ளே போனார். அடுப்பு பற்றும் சத்தம். ஒரு கிண்ணத்தில் பசையோடு திரும்பி வந்தார். “அவன் சொன்ன எடத்துல நீயே ஒட்டு.”

ஒட்டினேன். ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. உள்ளங்கையால் தேய்த்தேன். போகவில்லை.

அச்சில் படம் சில சமயம் இடவலம் மாறி விழும். நாம் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறோம். வலது கையில் மத்தாப்புப் பிடித்த வேறு யார் பிள்ளையோகூட அப்படி மாறி விழுந்திருக்கலாம். காரைக்குடியில் எனக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. சுவரில் ஒட்டிய பிறகு வந்தது.

காலியான பிளாஸ்டிக் உறை மடியில் இருக்கிறது. மேலே என் கையெழுத்து. ஆய்வேட்டிலும் அதே வரிதான்: ‘அடையாளம் தெரியாத குழந்தை.’

எழுதியபோது அது பொய். நீ ஒரு முறை பார்த்திருந்தால் இன்றும் பொய்யாகவே இருந்திருக்கும்.